தொண்ணூற்றிரண்டு சதவீதம்

பழையது எப்போதும் அங்கேதான் நிற்கும்.
எண்பது வரை ஓடும், எண்பத்தைந்தில் இரையும்,
தொண்ணூற்றிரண்டில்
கேட் போட்ட ரயில்வே கிராசிங்:
ரயிலும் வராது, கேட்டும் திறக்காது,
ஒரு வெள்ளை வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஈரத்துணி, டேபிள் ஃபேன்,
அடியில் முட்டுக்கொடுத்த ரெண்டு பவுடர் டப்பா.
எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று.

போன வைகாசியில் எடுத்த கல்யாணங்கள்
இந்தப் பங்குனியிலும் ஹார்ட் டிஸ்கில்.
"ஸ்டெல்லா, வீடியோ வர்றதுக்குள்ள
பிள்ளை பெறந்துரும் போலயே" என்கிறார்கள்.
ஒரு வீட்டில் பிறந்தே விட்டது.

செக்காலை ரோட்டில் மாடி ஏறிப் போகும் கடை.
காசிம் என்கிற பையன்
"பதினாலு கோரு மேடம்" என்று ஆரம்பித்தான்.
"நாலு மணி நேரம் விடாம ஓட்டினா
அப்பவும் பதினாலுதானா?"
யோசித்தான். "சூடானா கொறைஞ்சுரும்" என்றான்.
அப்போதுதான் அவனைப் பிடித்தது.

பென்டிரைவை நீட்டினேன்.
உமையாள், கோனாப்பட்டு, கேமரா இரண்டு.
பழையதைப் பதினோராம் நிமிஷத்தில்
தவறாமல் சாகடிக்கிற ஃபைல்.

முதலாவது வெள்ளி நிறம், சீட்டுக்கணக்கு நோட்டு கனம்.
ஒற்றை விரலால் திறக்கலாம்.
ஏழாம் நிமிஷம் மூச்சு வாங்கியது.

இரண்டாவதைத் திறந்ததும்
கொப்புடையம்மன் திருவிழா சீரியல் செட்
விசைப்பலகை முழுக்க ஓடியது.
ஃபேன் சத்தம் மாவு மில்.
ஓடத்தான் செய்தது. ஆனால்
அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை
அதில் ஆரஞ்சு மிட்டாய் ஆகிவிட்டது.
சார்ஜர் தனியாக ஒரு செங்கல்.

மூன்றாவது கறுப்பு. பார்க்க ஒன்றுமில்லை.
தூக்கினால் தோள் சொல்லும்.
ஒன்பது, பத்து, பதினொன்று,
நிற்கவில்லை.

நிற்காததால் பார்த்தேன்.

திருப்பூட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
உமையாள் இடப்பக்கம் திரும்பி
யாரிடமோ உதடு அசைக்கிறாள்.
யாரும் கவனிக்கவில்லை.
பிறகு நேராக
லென்ஸைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து,
மறுபடியும் அதே அசைவு.
தண்ணி.

ரெண்டு பக்கமும் ஆயிரம் வாட்ஸ் விளக்கு.
நான் வைத்த விளக்கு.
ஸ்பீக்கரில் என் குரலே கேட்கிறது:
"கொஞ்சம் சிரிம்மா, இந்தப் பக்கம்."
சிரித்தாள்.
அந்தச் சிரிப்பைத்தான்
ஆல்பம் அட்டைக்குக் கொடுத்தோம்.

பழையதில் நான் பார்த்தது
நொடிக்கு நாலு படம்.
இடையில் விழுந்ததையெல்லாம்
நானே ஒட்டிக்கொண்டிருக்கிறேன்,
வெட்கம், பூரிப்பு என்று பெயர் வைத்து.

"ஓகேவா மேடம்?"
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
நாலாயிரம் குறைக்கச் சொன்னேன், இரண்டு குறைந்தது,
ஒரு பை கொடுத்தான்.
"இன்னொரு ரேம் போட இடம் இருக்கா?"
இருக்கிறதாம்.
பதினெட்டு மாதத் தவணை.
"பில்லு யார் பேருக்கு?"
ஸ்டெல்லா அடைக்கலம்.
எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது
குரல் கொஞ்சம் வறண்டிருந்தது.

ராத்திரி முதல் வேலையாக உமையாளை எடுத்தேன்.
சிரிப்பை வெட்டவில்லை.
அதற்கு முன்னால் இருந்த நாலு நொடியைச் சேர்த்தேன்,
பாட்டை அங்கே மட்டும் நிறுத்தி.
அந்த வீட்டார் என்ன சொல்வார்களோ தெரியாது.
மீதிப் பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

பதினொன்றே கால் மணி.
எண்பது. எண்பத்தைந்து. இரைச்சல் இல்லை.
தொண்ணூற்றிரண்டு வந்ததும்
பழக்கத்தில் எழுந்து
அடுப்படிக்குப் போய் டம்ளரை எடுத்தேன்.
குடத்தைச் சாய்ப்பதற்குள்
உள்ளே
முடிந்துவிட்ட மணி அடித்தது.